பாடுகளின் பாட்டில் வந்த கப்பல்

என் தம்பி ருபெர்த்தோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், அவன் மணிலாவில் மருத்துவம் படித்த ஏழு வருஷத்தை ஏழு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன படித்தான், என்ன பரிசு வாங்கினான், எந்தச் சாமியாரோடு வாதாடினான் என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்த ஏழு வருஷமும் அவனுக்கு யார் சோறு போட்டது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான்தான் போட்டேன். சட்டைக்குக் கஞ்சி போட்டதும் நான்தான். அவன் எழுதியதை அடுப்பில் போட்டதும் நான்தான். அதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், எனக்கென்ன!

காகிதம் எங்கள் வீட்டுக்கு ஆகாது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டாம் வருஷம் அப்பாவின் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. அவர் எழுதியதுகூட இல்லை, யாரோ சிநேகிதர் ஸ்பெயின்காரர் ஆட்சியைக் குறைசொல்லி அவருக்கு எழுதியது. காவலர்கள் வந்து பெட்டியைக் கவிழ்த்தார்கள். மூன்றாம் நாள் அப்பாவை நாடுகடத்தி, மரியானாத் தீவுகளுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து, காய்ச்சலில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அப்போது எனக்குப் பதினாலு வயது, ருபெர்த்தோவுக்கு ஏழு.

அதனால்தான் அவன் மணிலாவுக்குப் படிக்கக் கிளம்பியபோது அம்மா என்னையும் கூடவே அனுப்பினாள். “எவுலாலியா, அவனை டாக்டரா எங்கிட்டத் திருப்பிக் கொண்டாந்து விடு. வேற எதுவா ஆனாலும் எனக்கு வேணாம்,” என்றாள். சாந்தா க்ரூஸில் ஓடைக்கரையோரம் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை பிடித்தோம். நான் துணிக்குப் பூத்தையல் போட்டேன். அவன் பாலத்தைத் தாண்டி, கோட்டை மதிலுக்குள் இருந்த பல்கலைக்கழகத்துக்குத் தினமும் நடந்தான்.

ஆறு வருஷத்தில் முடிய வேண்டிய படிப்பு அது. ஏழானதற்குக் காரணம் அவன் வாய். வகுப்பில் ஒரு சாமியார், ஸ்பெயின்காரப் பையன்களை மட்டும் ‘நீங்கள்’ என்பாராம், எங்கள் பையன்களை ‘நீ, வா, போ’ என்பாராம். ஒருநாள் இவனும் அவரைத் திருப்பி ‘நீ’ என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறான்.

“ஏன்டா வாயைக் குடுத்த?” என்றேன்.

“அவர்தான்கா ஆரம்பிச்சார்.”

“அவர் ஆரம்பிச்சா நீ முடிச்சு வைக்கணுமோ? பெரிய கவர்னர் ஜெனரல் இவரு!”

சிரித்தான். அவன் சிரித்துவிட்டால் என் கோபம் நிற்காது. அது அந்தத் திருட்டுப் பயலுக்கும் தெரியும். அந்தப் பாடத்தை மறுபடியும் ஒரு வருஷம் படித்தான்.

நான் பட்ட பாடு எழுத்தால் மட்டும் இல்லை. மூன்றாம் வருஷம் படிப்புக்கு என்று ஒரு மண்டையோட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் திருடன் என்று கட்டையோடு ஏறி வந்துவிட்டார்கள். அப்புறம் அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து, பின்பக்கத்து முற்றத்தில் கழுவும் தொட்டிக்கு அருகே வைத்தோம். யார் பெற்ற பிள்ளையோ பாவம், கல்லறைத் திருநாளில் அதற்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன். “அக்கா, அதுக்கு ஞானஸ்நானமும் குடுத்துடேன்,” என்று கேலி பண்ணுவான்.

அவன் எழுதுகிறான் என்பது எனக்கு விரல் நுனியில் தெரிந்துவிடும், அவன் விரல் நுனியில். மைக்கறையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கும். அவன் எழுதுவதெல்லாம் ஸ்பானிய மொழியில். எனக்கு அந்த மொழியில் ஜெபம் மட்டும்தான் தெரியும். கடைசிப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவனை உட்காரவைத்து, அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். பரீட்சை முடிகிறவரை ஒரு வரி எழுதக் கூடாது. சரி என்றான். நம்பினேன்.

அதோடு நானும் ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். தம்பி தேற வேண்டும், பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். அதற்காக அந்த வருஷம் புனித வாரத்தில் எங்கள் மாடியில் ஆண்டவர் பட்ட பாடுகளின் பாட்டு வைப்பதாக வியாகுல மாதாவுக்கு வேண்டிக்கொண்டேன். உலகம் படைத்ததில் தொடங்கி ஆண்டவர் உயிர்த்தெழுகிறவரை முழுக்கப் பாட வேண்டும். ஒரு பக்கம் பாடுவார்கள், எதிர்ப்பக்கம் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஆள் மாறலாம், பாட்டு மட்டும் நடுவில் நிற்கவே கூடாது. நின்றால் வேண்டுதல் பலிக்காது, வேண்டிக்கொண்ட ஆளுக்கும் ஆகாது.

இதை நான் ருபெர்த்தோவிடம் சொல்லவில்லை. சொன்னால், பாட்டுப் பாடினால் எலும்பின் பெயரெல்லாம் மண்டையில் ஏறிவிடுமா என்பான். அவன் வேறு அந்த வாரம் முழுக்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதன் அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அங்கேதான் வினையே.

பாட்டுப் புத்தகம் அம்மாவுடையது, கையால் எழுதியது. பாதித் தாள் தையல் விட்டு உதிரியாக இருக்கும். அதில் நைந்துபோன இருபது முப்பது தாள்களை முந்தின வருஷம் ருபெர்த்தோதான் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தான். புத்தகத்தை நான் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பேன், பெரிய வெள்ளியன்று எடுத்து நாலு பக்கம் முணுமுணுத்துவிட்டுத் திரும்ப வைப்பேன். காவலர் வந்தாலும் ஜெபப் புத்தகத்தைப் பிரிக்கமாட்டார்கள், அக்காவும் பெரிய வெள்ளிவரை தொடமாட்டாள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பாட்டைத் தொடங்கினோம். முன்னால் நின்று பாடியவள் பெத்ரோனா. சுருட்டு ஆலையில் வேலை பார்க்கிறவள், ஆயிரம் பெண்கள் உட்காரும் கூடத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற தொண்டை. எதிர்ப்பக்கத்துக்கு சிக்ஸ்தா, அரைப்படி உயரம்தான் இருப்பாள், ஆனால் விடாமல் பாடுவாள். அதே ஆலையில் வேலை பார்க்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியிலேயே நின்று இஞ்சித் தண்ணீர் கொதிக்கவைத்து, இலையில் கட்டிய அரிசிப் பலகாரத்தை அவித்து அவித்துக் கொட்டினேன்.

புதன் மத்தியானம். ஆண்டவர் சிலுவை சுமந்து போகிறார், வழியில் தாயைச் சந்திக்கிறார். பெத்ரோனா தாளைத் திருப்பினாள், மூச்சை இழுத்தாள், பாடினாள்:

கரையிலே நிற்கும் தாயே,
கண்ணீரே உனக்குக் கடலாச்சே;
பெற்ற பிள்ளையைக் கூப்பிடவும்
வேற்று மொழியைக் கடன்வாங்கிப்
பேச வைத்தார் உன் வீட்டிலே.

எதிர்ப்பக்கம் திருப்பிப் பாடியது. எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நல்லாத்தான் இருக்கு, இந்த இடத்தை நாம் கவனித்ததே இல்லையே என்று நினைத்துக்கொண்டு அடுப்பை ஊதினேன். அடுத்த பாட்டில் அந்தத் தாயின் பிள்ளைகளைச் சாலை வெட்டக் கூட்டிப் போனார்கள். அதற்கடுத்ததில் ஒருத்தனைத் துப்பாக்கி கொடுத்துத் தெற்குத் தீவுக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள். பெத்ரோனாவின் குரல் கம்மியது. அவள் மூத்த மகன் அங்கேதான் சண்டையில் இருந்தான். அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் யாரோ ஒருத்தன் எங்கேயோ போயிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினார்கள். நிறுத்திவிட்டு அழ முடியாது, பாட்டு நிற்கக் கூடாதே.

நானும்தான் அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டு. அப்போது அந்த வரிசையில் ஒன்பதாவது பாட்டு வந்தது:

கப்பல் ஏறிப் போனவரே,
கையைத் தூக்கி அசைத்தீரே;
கடைசிப் பிள்ளை பேர்சொல்லிக்
கூப்பிட்டீரே, அந்தக் குரல்
காற்றில் இன்னும் வருகுதையா.

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. ஆண்டவருடைய பாடுகளில் கப்பல் ஏது?

இது எங்கள் அப்பா. இதை என் ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்பாவைக் கப்பலேற்றிய அன்று எங்கள் வீட்டிலிருந்து துறைக்குப் போனவள் நான் மட்டும்தான். அம்மா மயங்கிக் கிடந்தாள், சின்னவனை யாரும் கூட்டிப் போகவில்லை. திரும்பி வந்ததும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா என்ன சொன்னாங்க?” என்று கேட்டான். “கப்பல்ல ஏறி நின்னு கையைக் கையை ஆட்டினாரு, ருபெர்த்தோ ருபெர்த்தோன்னு ஒம் பேரைத்தான் கூப்பிட்டாரு,” என்று நான் சொன்னேன். பொய். அப்பா கையை ஆட்டவில்லை. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார்கள். யார் பேரையும் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அம்மாவிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னேன்.

நான் கூடத்துக்கு ஓடினேன். படிக்கட்டு வாசலில், கோவிலில் சாமியாருக்கு எடுபிடியாக இருக்கும் கோவில்பிள்ளை தெயோபிலோ நின்றுகொண்டிருந்தான். பாட்டு நடக்கிற வீடு தவறாமல் ஏறி இறங்கிப் பலகாரம் தின்கிறவன் அவன். வாயில் அடைத்த பலகாரத்தை மெல்லாமல் அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பெண்களும் அவனைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று தடுமாறினார்கள். எதிர்ப்பக்கம் அந்த ஒன்பதாவது பாட்டைத் திருப்பவேயில்லை, சிக்ஸ்தா மட்டும் வெறும் ராகத்தை இழுத்துச் சமாளித்தாள். பெத்ரோனா அடுத்ததற்குத் தாவி, மிச்சம் இருந்ததை மளமளவென்று பாடி முடித்தாள்.

“எவுலாலியா, இது எந்த அதிகாரம்?” என்று தெயோபிலோ கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டான். ஓட்டமும் நடையுமாகச் சாமியார் மடத்துப் பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது.

“பெத்ரோனா, பாட்டை விடாதே, அடுத்த பக்கம் போ!” என்று சொல்லிவிட்டு அந்தத் தாள்களைப் புத்தகத்திலிருந்து உருவினேன். மூன்று தாள், பதினாலு பாட்டு, ருபெர்த்தோவின் கையெழுத்து, ஸ்பானியத்தில் இல்லை, எங்கள் பாஷையில். உருவிக்கொண்டு திரும்பினால், படிக்கட்டுத் தலையில் ருபெர்த்தோவே நிற்கிறான். புனித வாரம் என்று ஆஸ்பத்திரியில் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. தெயோபிலோ ஓடியதை அவன் கவனிக்கவில்லை, பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அழறாங்கக்கா,” என்றான். “பெத்ரோனா அக்கா அழறாங்க.”

“நாமளும் அழப் போறோம்! எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணியேடா, பாவி!”

“அது சத்தியத்துக்கு முன்னாடி எழுதினது.”

“நல்லா பேசு! சாமியார் வர்றாரு, தெரியுமா? இதுக்கு வேற பிரதி இருக்கா?”

“இல்லக்கா. இது ஒண்ணுதான்.”

“மனப்பாடமா தெரியுமா?”

“அங்கங்க தெரியும். ஒரு வருஷமா எழுதி எழுதி அடிச்சேன். ஒவ்வொரு வரியும் நாலஞ்சு விதமா இருக்கு மண்டையில, எது கடைசியா நின்னுச்சுன்னே...” அதற்குள் நான் அடுப்படிக்குப் போவதைப் பார்த்துவிட்டான். பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். “வேணாம்கா. ஒளிச்சு வைக்கலாம். மண்டையோட்டுப் பெட்டியில வைக்கலாம், அதை எவனும் தொட மாட்டான்.”

“அப்பாவும் பெட்டியிலதான்டா வெச்சிருந்தாரு.”

என் கையை விட்டுவிட்டான். தாள்களை இஞ்சித் தண்ணீர்ப் பானைக்கு அடியில் செருகினேன். மூன்று தாள் எரிய எவ்வளவு நேரமாகும்? அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “நல்லதுதான் செஞ்ச,” என்று சொல்லிவிட்டுச் சாம்பலைக் குச்சியால் கலைத்துவிட்டான். 

தெயோபிலோவைக் கூட்டிக்கொண்டு எங்கள் கோவில் சாமியார் வந்தார். அவர் ஸ்பெயினிலிருந்து எங்கள் தேசத்துக்கு வந்து முப்பது வருஷமாயிற்று, எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். எல்லாரும் எழுந்து கையை முத்தமிட்டோம். பாட்டு நின்றது. என் நெஞ்சும்தான் நின்றது. அப்போது ஒரு மூலையிலிருந்து மெல்லிசாக ஒரு ராகம் வந்தது. சிக்ஸ்தா, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்காலேயே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அது என்ன சத்தம்?” என்றார் சாமியார்.

“அவளுக்குப் பல்வலி சாமி,” என்றாள் பெத்ரோனா. சிக்ஸ்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே இழுத்தாள்.

சாமியார் பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “இந்த வீட்டுப் பாடலில் ஒரு கப்பல் வருகிறதாமே. எங்கே இருக்கிறது?”

“நோவா கப்பல் சாமி,” என்றாள் பெத்ரோனா, கண்ணிமைக்காமல்.

“பொய் சாமி!” என்றான் தெயோபிலோ. “நோவா நேத்தே முடிஞ்சிருக்கும். நான் இப்பத்தான் கேட்டேன்.”

“ஏன்டா, காலையிலேர்ந்து ஏழு வீட்ல தின்னுட்டு வந்திருக்க. எதை எங்க தின்னன்னே உனக்கு ஞாபகம் இருக்காது, எதை எங்க கேட்டன்னா இருக்கப் போவுது?”

பெண்கள் முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமியார் சிரிக்கவில்லை. “அந்தக் கப்பலில் போனவர்களை எண்ணி அழுதீர்களாம். நோவாவின் கப்பலில் போனவர்கள் எல்லாரும் பத்திரமாகக் கரையேறினார்களே?”

“நோவா பறக்கவிட்ட காக்கா திரும்பி வரலியே சாமி,” என்றாள் பெத்ரோனா.

கொஞ்ச நேரம் சிக்ஸ்தாவின் பல்வலி மட்டும்தான் கேட்டது. சாமியார் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதிரித் தாள்களுக்கு வந்ததும் நிறுத்தினார். “இது புது எழுத்து. யாருடையது?”

“என்னுடையது,” என்றான் ருபெர்த்தோ. “நைந்துபோன தாள்களைப் பிரதி எடுத்தேன்.”

“நீ படிக்கிறவனா?”

“மருத்துவம். உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் கடைசிப் பரீட்சை.”

“அழகான எழுத்து,” என்றார். “மருத்துவனுக்கு இவ்வளவு அழகாக எழுதத் தேவையில்லை.” புத்தகத்தை மூடித் தெயோபிலோவிடம் கொடுத்தார். “இது என்னிடம் இருக்கட்டும். குற்றம் ஒன்றும் இல்லையென்றால் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாடியது போதும்.”

அவர் தெருமுனை திரும்புகிறவரை ஒருத்தரும் அசையவில்லை. என் தம்பியைக் கொண்டு போகவில்லை, மாதாவே உனக்குத் தோத்திரம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அம்மாவின் புத்தகம் போய்விட்டது. ஆண்டவரைச் சிலுவையில் அறைவதற்கு முன்னாலேயே பாட்டு நின்றுவிட்டது. இனி வேண்டுதல் என்ன ஆகும், பரீட்சை என்ன ஆகும் என்று ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

“எதுக்குடி ஒப்பாரி?” என்றாள் பெத்ரோனா. “எங்க நின்னுச்சு? அங்க பாரு, அந்தக் குள்ளச்சி விட்டாளா?”

சிக்ஸ்தா இன்னும் கன்னத்தைப் பிடித்தபடி இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் ராகத்தின் மேலேயே பெத்ரோனா வார்த்தையைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். “புஸ்தகம்?” என்று கேட்டேன். “பதினெட்டு வருஷமா பாடறேன், புஸ்தகம் எதுக்கு? சாமியாருக்கு மரியாதையா இருக்கட்டும்னு முன்னாடி வெச்சிருந்தேன்,” என்று ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சொல்லிவிட்டுப் போனாள். மறந்த இடத்தை ஒருத்திக்கொருத்தி எடுத்துக் கொடுத்தார்கள். விளக்கேற்றும் நேரத்துக்கு ஆண்டவர் உயிர்த்துவிட்டார்.

ருபெர்த்தோ அவ்வளவு நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சோறு வைத்தேன், தொடவில்லை. இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், ஆறிப்போனது. பெண்கள் கிளம்பும் நேரத்தில் பெத்ரோனா வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“தம்பி, உன் பாட்டு பாக்கி இருக்கே.”

“அது போச்சுக்கா.”

“எங்க போச்சு? தாள்தானே போச்சு.”

ஜன்னலைச் சாத்தினாள். சிக்ஸ்தாவைப் படிக்கட்டில் காவல் வைத்தாள். அந்தக் கூடத்தையே அதிரவைக்கும் தொண்டையைக் குழந்தைக்குத் தாலாட்டுகிற அளவுக்கு அடக்கி, முதல் பாட்டைப் பாடினாள். மற்றவர்கள் திருப்பினார்கள். ஆலையில் வேலை பார்க்கிற பெண்கள், பகல் முழுக்கப் பாட்டுக் கேட்டுப் பாட்டுச் சொல்லியே கையை ஓட்டுகிறவர்கள். ஒருமுறை பாடி ஒருமுறை திருப்பியதில் அவர்களுக்குப் பாதிக்கு மேல் படிந்திருந்தது. இவள் விட்டதை அவள் பிடித்தாள்.

“வந்தவன் நாக்கைக் கடன்வாங்கி,” என்று பெத்ரோனா பாடியதும் ருபெர்த்தோ நிமிர்ந்தான்.

“‘வேற்று மொழியை’ன்னு எழுதியிருந்தேன்.”

“யாரு அப்படிப் பேசுவா? மாத்திட்டேன்.”

“மாத்தினதே இருக்கட்டும்க்கா,” என்றான். மத்தியானத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். எட்டாவது பாட்டு முடிந்ததும் பெத்ரோனா பத்தாவதற்குப் போனாள். பதினாலும் முடிந்தது. “ஒம்போதாவது எங்க?” என்று கேட்டான்.

“அப்பத்தானே அந்தத் தின்னிப்பய வந்து நின்னான்! எவ காதுல விழுந்துச்சு? நான் பாடினதுதான், ஆனா வாய் பாடுச்சே தவிர மனசு அவன்கிட்ட போயிடுச்சு. உனக்கு வரலியா?”

“கப்பல்னு ஆரம்பிக்கும். அதைத்தான் ரொம்ப அடிச்சு அடிச்சு எழுதினேன். வர மாட்டேங்குது.”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். ஒரே ஒருமுறை கேட்டது, ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்குள் நின்றது. சொல்லாமல் இருந்துவிட்டால் என் பதினாறு வருஷத்துப் பொய் அந்த அடுப்போடு போய்விடும். அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போய், அன்று துறையில் நின்ற யாராவது கேட்டு, உன் அக்கா உன்னை ஏமாற்றினாள் என்று அவனிடம் சொல்லிவிடுவார்களோ என்கிற பயமும் இருக்காது. நிம்மதிதான். ஆனால் அவன் ஒன்பதாவது விரலைப் பிடித்துக்கொண்டு, பிடித்த விரலை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பாட வராது. கோவிலில்கூட வாயை மட்டும் அசைப்பேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலேயே பாடினேன். கப்பல் ஏறிப் போனவரே, கையைத் தூக்கி அசைத்தீரே. நாலாவது வரியில் குரல் உடைந்தது. அப்படியும் முடித்தேன். ஒருத்தரும் திருப்பிப் பாடவில்லை.

“ருபெர்த்தோ,” என்றேன். “அப்பா கையசைக்கலடா. கையைக் கட்டியிருந்தாங்க. உன் பேரையும் கூப்பிடல. நான்தான் உங்கிட்ட...”

“தெரியும்க்கா.”

திரும்பிப் பார்த்தேன்.

“எனக்குப் பத்து வயசு இருக்கும்போதே தெரியும். அம்மா சொல்லிட்டாங்க.”

“அப்புறம் எதுக்குடா இப்படி எழுதின?”

 கண்ணைத் துடைத்துக்கொண்டான், மூக்கையும் துடைத்துக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி புறங்கையால்.

“அப்பா முகம் எனக்கு ஞாபகமே இல்லக்கா. நீ சொன்ன அந்த ஒரு கைதான் ஞாபகம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச அப்பா அவ்வளவுதான். அதை எப்படி எழுதாம விடறது?”

பெத்ரோனா முக்காட்டில் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. படிக்கட்டிலிருந்து சிக்ஸ்தா, தெருவில் யாருமில்லை என்று மெல்லச் சொன்னாள்.

அப்புறம் நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவுக்குக் கடிதம் எழுத வாங்கிவைத்திருந்த தாளையும், அவனிடமிருந்து பிடுங்கி ஒளித்துவைத்திருந்த மைப்புட்டியையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் தாளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

“மொதல்ல ஒம்போதாவதை எழுது,” என்றேன். “நான் சொன்ன மாதிரியே எழுது.”